பாடப் புத்தகம் வளர்த்த தெரு

கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போகாத குடும்பம் அரிது. பள்ளி ஆண்டு தொடங்கியதும், ஆசிரியர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு காலத்தில் டிராமிலும் பின்னர் மெட்ரோ ரயிலிலுமாகப் பிள்ளையுடன் அங்குச் சென்று, நெரிசலில் இடிபட்டு, பேரம் பேசி, புத்தகக் கட்டைச் சுமந்து திரும்புவது நம்மவர் வாழ்வில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நூலன்பர்கள் அத்தெருவை வேறு வகையில் புகழ்வர். அங்கே அரிய பழம் பதிப்புகள் கிடைக்கும், கவிஞர்கள் கூடுவர், காபிக் கடையில் உலக அரசியல் அலசப்படும் என்பர். இரண்டும் மெய்யே. ஆனால் முன்னது இல்லாவிடில் பின்னது இல்லை. பாடப் புத்தகம் வாங்க வந்த கூட்டமே அத்தெருவை உண்டாக்கிற்று. அரிய நூல்களும் கவிஞர்களும் அக்கூட்டத்தின் நிழலில் ஒதுங்கி வாழ்ந்து வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வங்காளியர் அப்பகுதியைப் 'பொய்பாடா' என்பர். புத்தகப் பேட்டை என்பது பொருள். புத்தகத்தைக் குறிக்கும் அவர்தம் சொல் நம் செவியில் 'பொய்' என்று விழுவது தற்செயலே. புதிதாக வந்த தமிழர் எவரிடமேனும், இந்நகரில் பொய் விற்பதற்கென்றே ஒரு பேட்டை உண்டு என்று சொல்லி விளையாடுவது நம் பழைய வழக்கம்.

இப்பேட்டை தோன்றுவதற்கு முன்பே கல்கத்தாவில் புத்தக வியாபாரம் இருந்தது. 1800-இல் கோட்டை வில்லியம் கல்லூரியும், அதே ஆண்டில் ஆற்றின் அக்கரைப் பக்கத்துச் ஸ்ரீராமபுரத்தில் பாதிரிமாரின் அச்சுக்கூடமும் தொடங்கப் பெற்றன. தமிழில் 1578-லேயே அச்சுநூல் வெளிவந்தது என்பதை எண்ணினால், வங்காளம் இத்துறையில் நமக்குப் பிந்தியதே. ஆனால் தொடங்கிய பின் அது ஓடிய வேகம் வியப்புக்குரியது. கங்காகிசோர் பட்டாச்சார்யா என்பவர் 1816-இல் பாரத சந்திரரின் 'அன்னதா மங்கல்' காவியத்தைப் படங்களுடன் அச்சிட்டு விற்றார். வங்காளியருள் முதல் புத்தக வியாபாரி என்று அவரையே குறிப்பிடுவர். மறு ஆண்டில் கல்கத்தாப் பள்ளிப் புத்தகச் சங்கம் நிறுவப்பெற்றது. டேவிட் ஹேர், ராதாகாந்த தேவ் முதலியோர் அதில் இருந்தனர். அதே 1817-இல் இந்துக் கல்லூரியும் பிறந்தது.

அக்காலத்தில் மக்கள் வாங்கிய புத்தகங்கள் பெரும்பாலும் நகரின் வடபால் சித்பூர் சாலையை ஒட்டிய 'பட்தலா'வில் அச்சாயின. ஆலமரத்தடி என்பது அச்சொல்லின் பொருள். பஞ்சாங்கம், புராணம், காதற் கதை, நையாண்டிச் சுவடி எல்லாம் மலிவுத் தாளில் அங்கிருந்து வெளிவந்தன. ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் இதனை எள்ளி ஒதுக்காமல், அச்சுக்கூடம் அச்சுக்கூடமாகச் சென்று கணக்கெடுத்தார். 1857-ஆம் ஆண்டில் மட்டும் கல்கத்தாவில் விற்பனைக்கென அச்சான வங்காளிப் புத்தகங்கள் ஐந்து இலட்சத்து எழுபதினாயிரம் பிரதிகளுக்கு மேல் என்பது அவர் கண்ட கணக்கு. நாடெங்கும் கலகம் மூண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைவிற் கொள்க. அன்று விற்பனை பெரும்பாலும் கடையில் நடைபெறவில்லை, தலைச்சுமையில் நடைபெற்றது. கோபுரம்போல் புத்தகங்களைத் தலைமேல் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்த விற்பனையாளர்கள் மொத்த விலைக்கு வாங்கித் தொலைவிலுள்ள ஊர்களில் இருமடங்கு விலைக்கு விற்று, மாதம் ஆறு எட்டு ரூபாய் ஈட்டினர் என்று லாங் எழுதி வைத்திருக்கிறார். இந்த லாங்கே அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமைகளைக் காட்டும் 'நீல தர்ப்பணம்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861-இல் ஒரு மாதம் சிறை சென்றவர். அவருக்கு விதித்த ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கர் என்னும் வங்காளப் பிரபு நீதிமன்றத்திலேயே செலுத்தினார்.

பட்தலாவின் தலைச்சுமைப் புத்தகம் காலேஜ் ஸ்ட்ரீட்டின் கடைப் புத்தகமாக மாறியதற்குக் காரணர் பலர். ஆயினும் ஒருவர் பெயரைச் சொல்லாமல் அக்கதையைச் சொல்ல இயலாது. ஈசுவர சந்திர வித்யாசாகரைச் சமூகச் சீர்திருத்தக்காரர் என்றும், வடமொழிப் பேரறிஞர் என்றும், கொடை வள்ளல் என்றும் நாம் அறிவோம். அவர் ஒரு புத்தகக் கடைக்காரர் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

1847-இல் வித்யாசாகருக்கு வயது இருபத்தேழு. சமஸ்கிருதக் கல்லூரியில் துணைச் செயலராக இருந்தார். பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார், செயலர் இசையவில்லை. வித்யாசாகர் வேலையை உதறினார். "இனிச் சோற்றுக்கு என்ன செய்வான்?" என்று மேலதிகாரி கேட்டதாகவும், காய்கறி விற்றேனும் மளிகைக் கடை வைத்தேனும் பிழைப்பேன், மதிப்பிழந்து பணிபுரியேன் என்று அவர் விடை கூறியதாகவும் வரலாறு எழுதியோர் உரைப்பர். காய்கறிக் கடை வைக்கும் தேவை அவருக்கு நேரவில்லை. தம் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரருடன் கூட்டாக, 600 ரூபாய் கடன் வாங்கி ஓர் அச்சியந்திரம் வாங்கினார். அதுவே சமஸ்கிருத அச்சகம்.

கடனை அடைத்த வகை சுவையானது. கோட்டை வில்லியம் கல்லூரியின் அதிகாரி மார்ஷல், மாணவர்க்கு 'அன்னதா மங்கல்' பிழையற்ற பதிப்பாக வேண்டும் என்றார். பட்தலாப் பதிப்புகளில் பிழை மலிந்திருந்தது. வித்யாசாகர் கிருஷ்ணநகர் அரண்மனையிலிருந்து மூலச் சுவடியைத் தருவித்து, ஒப்பிட்டுப் பதிப்பித்தார். கல்லூரி நூறு பிரதிகளைப் பிரதி ஆறு ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டது. கடன் 600 ரூபாயும் ஒரே விற்பனையில் தீர்ந்தது. நல்ல பதிப்புக்கு முதலில் விலை கொடுத்தவர் மாணவர்க்கான நூல் வாங்கிய கல்லூரியே என்பதைக் கவனிக்க வேண்டும்.

அச்சகத்தோடு காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையும் திறந்தார். அதற்குச் சமஸ்கிருத அச்சக டெபாசிடரி என்பது பெயர். தம் நூல்களை மட்டுமன்றிப் பிறர் அச்சிட்ட நூல்களையும் அங்கே ஒப்படைக்கலாம். விற்றபின் கழிவு போகத் தொகை வந்து சேரும். இன்று இது எளிய வழக்கமாகத் தோன்றலாம். தம் செலவில் நூலை அச்சிட்டுத் தம் வீட்டுப் பரணிலேயே அடுக்கி வைத்திருந்த அந்நாளைய நூலாசிரியனுக்கு, கணக்கு ஒழுங்காக வரும் ஒரு கடை இருந்தது என்பது சிறு செய்தி அன்று. நம் எழுத்தாளர்களுள் சிலருக்கு இன்றும் அது பெருஞ் செய்தியாகவே இருக்கக்கூடும்.

1849-இல் தர்க்காலங்காரர் 'சிசு சிட்சா' என்னும் பிள்ளைப் பாடம் எழுதினார். பெத்யூன் துரை அவ்வாண்டு தொடங்கிய பெண்கள் பள்ளியில் தம் பெண் மக்களையே முதல் மாணவியராகச் சேர்த்தவர் அவர். பின்னர் நண்பர் இருவரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். 1855-இல் வித்யாசாகரின் 'வர்ண பரிசயம்' இரு பாகங்களாக வெளிவந்தது. அவ்வேளையில் அவர் பள்ளிகளின் தனி ஆய்வாளர். கிராமம் கிராமமாகப் பள்ளிகளைப் பார்வையிடப் பல்லக்கிற் சென்றபோது இதனை எழுதினார் என்பர். அரிச்சுவடிதானே என்று எண்ணிவிடலாகாது. வடமொழி மரபைப் பின்பற்றி வங்காளி நெடுங்கணக்கில் பயனின்றி நின்ற நெடிய ரூகார, லூகாரங்களை நீக்கினார், வங்காளியர் நாவில் தனியே ஒலிக்கும் எழுத்துகளுக்குத் தனி இடம் தந்தார், வரிசையைத் திருத்தினார். அச்சுக் கோப்போர் கை எட்டும் வகையில் எழுத்துப் பெட்டியின் அறைகளையும் மாற்றியமைத்தார். அவ்வமைப்பு அவர் பெயராலேயே பின்னர் வழங்கிற்று. வடமொழிக் கடலைக் கரை கண்டவர், ஐந்து வயதுக் குழந்தைக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் எது எளிது என்று சிந்தித்திருக்கிறார்.

இங்கே நம் ஆறுமுக நாவலரை நினையாதிருக்க இயலாது. வித்யாசாகர் 1820-இல் பிறந்தார், நாவலர் 1822-இல். அவர் 1847-இல் வேலையைத் துறந்தார். இவர் 1848-இல் யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் பள்ளி ஆசிரியப் பணியைத் துறந்தார். அவர் அச்சகம் வைத்தார். இவர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன இயந்திரசாலையை நிறுவினார். அவருக்கு வர்ண பரிசயம், இவருக்குப் பாலபாடம். இருவரும் சந்தித்ததில்லை. கொள்கையிலும் இருவர் வழி வேறு. நாவலர் சைவ மரபின் காவலர், வித்யாசாகரோ விதவை மறுமணத்துக்காகச் சாத்திரங்களையே படையாகத் திரட்டியவர். எனினும், பிறர் சம்பளத்தில் இருந்துகொண்டு தம் கருத்தை நிறைவேற்ற முடியாது என்பதை இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உணர்ந்து, ஒரே கருவியை நாடினர்.

அக்கருவி வித்யாசாகருக்கு என்ன தந்தது என்பதை 1858-இல் காணலாம். மீண்டும் அரசுப் பணியில் சேர்ந்து, கல்லூரித் தலைவராகவும் பள்ளி ஆய்வாளராகவும் மாதம் 500 ரூபாய் சம்பளம் பெற்று வந்தவர், மேலதிகாரிகளுடன் முரண்பட்டு இரண்டாம் முறையும் வேலையை விட்டார். அந்நாளில் அத்தொகையை எளிதில் விட்டெறிந்தவர் எத்தனை பேர்? புத்தக வருவாய் அச்சம்பளத்தினும் மிகுதி என்பதால் அவரால் முடிந்தது. 1856-இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியபின், சட்டம் மட்டும் போதாதென்று, திருமணங்களைத் தாமே முன்னின்று தம் செலவில் நடத்தி வைத்தார். உதவுவதாக வாக்களித்த பிரபுக்கள் பலர் கைவிட்டனர், கடன் ஏறிற்று. 1869-இல் அச்சகத்தில் தம் பங்குகளை விற்றார். கடையையும் பின்னர்க் கைவிட்டார். நாடெங்கும் குழந்தைகள் வாங்கிய அரிச்சுவடியின் காசு, குழந்தைப் பருவத்திலேயே தாலியிழந்த பெண்களின் மணப்பந்தலுக்குச் சென்றது. புத்தக வியாபாரத்தின் வரலாற்றில் இலாபத்துக்கு இதனினும் சிறந்த செலவை நான் அறியேன்.

கடை கைமாறிற்று, தெரு வளர்ந்தது. சமஸ்கிருதக் கல்லூரிக்கும் இந்துக் கல்லூரிக்கும் அருகே 1835-இல் மருத்துவக் கல்லூரி எழுந்திருந்தது. 1857-இல் பல்கலைக்கழகம் வந்தது. தேர்வு வந்தால் பாடநூல் வரும். பாடநூல் வந்தால் அதற்கு உரை, வினா விடை, சுருக்கம் எல்லாம் வரும். 1886-இல் தொடங்கிய தாஸ்குப்தா கடை இத்தெருவின் மூத்த கடைகளுள் ஒன்று. உயர்ந்த மர அலமாரிகளும் ஏணியுமாக உள்ள அக்கடையில், எந்நூல் எத்தட்டில் என்பது பட்டியலைப் பாராமலே கடையினருக்குத் தெரியும்.

கடைகளுக்கு வெளியே, கல்லூரிகளின் இரும்பு வேலியை ஒட்டி, பலகையும் தகரமும் தார்ப்பாயும் கொண்டு அமைந்த பெட்டிக் கடைகள்தாம் ஏழை மாணவனின் கல்லூரி. அவற்றின் கணக்கு எளிது. தேர்வு முடிந்த மாணவன் தன் புத்தகத்தைப் பாதி விலைக்கோ அதனினும் குறைவாகவோ விற்கிறான். கடைக்காரர் சிறிது ஏற்றி அடுத்த ஆண்டு மாணவனுக்கு விற்கிறார். அவனும் படித்து, கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, மீண்டும் விற்கிறான். ஒரே பிரதி ஐந்தாறு பேரைத் தேர்வில் ஏற்றிவிடுவது உண்டு. பாடத்திட்டம் மாறினால் மட்டும் அத்தனையும் ஒரே நாளில் எடைக்குப் போகும் தாளாகிவிடும். ஆகையால் பாடத்திட்டக் குழுவின் கூட்டத்தைப் பேராசிரியர்களினும் அக்கறையுடன் கவனிப்பவர் நடைபாதைக் கடைக்காரர். ஒரு நூலைக் கேட்டுப் பாருங்கள். தம்மிடம் இல்லையென்று அவர் சொல்ல மாட்டார். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பார். அங்கிருந்து அடுத்த கடைக்கு. சிறிது நேரத்தில் ஒரு பையன் எங்கிருந்தோ நூலைக் கொண்டு வந்து நிற்பான். முந்நூறு கடைகளும் சேர்ந்து ஒரே கடையாக இயங்கும் அவ்விந்தையை விலையுயர்ந்த கண்ணாடிக் கடைகளில் காண இயலாது.

அத்தகைய கண்ணாடிக் கடைகளும் இந்நகரில் உண்டு. 1854-இல் தொடங்கிய நியூமன் கடை கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல் கட்டடத்தில் இருக்கிறது. கிப்ளிங்கின் இளமைக்கால நூல்களை வெளியிட்ட தாக்கர் ஸ்பிங்க் மறைந்துவிட்டது. பார்க் தெருவில் ஆக்ஸ்போர்டு கடை இருக்கிறது. அவை அழகியவை. அங்கே செல்லும்போது நான் மெதுவாகப் பேசுகிறேன். காலேஜ் ஸ்ட்ரீட்டில் உரக்கப் பேசுகிறேன். எதை மிகுதியும் விரும்புகிறேன் என்பதற்கு இது போதும்.

பாடநூல் வருவாயின் நிழலில் வளர்ந்தவற்றுள் எனக்கு மிக விருப்பமானது ஸிக்னெட் பிரஸ். 1943-இல் திலீப் குமார் குப்தர் நிறுவிய அப்பதிப்பகம், புத்தகத்தின் மேலட்டையும் எழுத்தும் தாளும் அழகாக இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தை வங்காளத்தில் வேரூன்றச் செய்தது. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய் அதற்கு அட்டைப்படங்கள் வரைந்தார். விபூதிபூஷணரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கத்துக்கு 1944-இல் படம் வரையும் பணி அவரிடம் வந்தது. அப்படங்களை வரைந்தபோது மனத்திற் பதிந்த காட்சிகளே 1955-இல் திரைப்படமாயின. நாவலைத் தமிழில் தந்தவர் 'நாகம்மாள்' ஆசிரியரான ஆர். சண்முகசுந்தரம் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆல்பர்ட் ஹாலில் 1942 முதல் இயங்கும் காபி ஹவுஸைப் பற்றி எழுதாதார் இல்லை. ஆதலால் ஒன்று மட்டும் சொல்வேன். தேயிலை விளையும் நாட்டினர் நம் காபியைச் சுற்றி அமர்ந்து ஓர் இலக்கிய உலகத்தையே அமைத்தனர். பால் கலவாத கறுப்புக் காபிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். கும்பகோணத்தார் அதனை மன்னிப்பது கடினம்.

தெருமுனையிலுள்ள பாதிராம் கடையில் சிற்றிதழ்கள் குவிந்து கிடக்கும். அருகே டேமர் சந்தில், சந்தீப் தத்தா என்னும் ஆசிரியர் 1978-இல் தம் வீட்டிலேயே சிற்றிதழ்களுக்கென ஒரு நூலகம் தொடங்கினார். நூலகங்கள் சிற்றிதழ்களைக் கழித்துக் கட்டியதைக் கண்டு மனம் பொறாது செய்த செயல் அது. 2023-இல் அவர் மறையும் வரை தம் வாழ்நாளை அதற்கே அளித்தார்.

இத்தெரு அடிபட்டதும் உண்டு. 1970-இல் நக்சலைட் இளைஞர்கள், கல்லூரிச் சதுக்கத்தில் இருந்த வித்யாசாகர் சிலையின் தலையைத் துண்டித்தனர். அவர்தம் துண்டுப் பிரசுரங்களைப் படிக்க அவர்களுக்கு எழுத்தறிவித்தது எவர் சுவடி என்று அன்றே பலர் கேட்டனர். 2020 மே 20-ஆம் நாள் அம்பன் புயல் நகரைத் தாக்கியது. ஊரடங்கினால் கடைகள் பூட்டிக் கிடந்தமையால் புத்தகங்களை மேலே எடுத்து வைக்க ஆளில்லை. மறுநாள் பாடநூல்களும் நாவல்களும் தெருவெள்ளத்தில் மிதந்தன. நனைந்த நூலை உலர்த்தி விற்க முடியாது. பெட்டிக் கடைக்காரர் பலருக்குக் காப்பீடும் இல்லை. வாசகரும் மாணவரும் பணம் திரட்டிக் கொடுத்தனர். ஊரடங்கு தளர்ந்ததும் கடைகள் மீண்டும் திறந்தன.

இதனை நினைக்கும்போதெல்லாம் சென்னை மூர் மார்க்கெட் என் நினைவுக்கு வருகிறது. நம்முள் மூத்தோர் பலர் முதற் புத்தகம் வாங்கியது அங்கேதான். 1985-இல் தீ அதனைக் கொண்டது. பழைய புத்தகக் கடைகள் சிதறின. இங்கே வெள்ளத்துக்குப் பின் கடைகள் அதே வேலியை ஒட்டி எழுந்தமைக்குக் காரணம், வேலிக்கு அப்பால் கல்லூரிகள் இருந்தமையே. மாணவன் வருவான் என்பது கடைக்காரருக்குத் தெரியும். இனியும் அவ்வாறு வருவானா என்பதே கவலை. பள்ளிப் புத்தகங்களுள் பலவற்றை அரசே இலவசமாக அளிக்கிறது, அது நன்றே. ஏனையவற்றைக் கைபேசியில் ஒரு தட்டில் வீட்டுக்கே வரவழைக்கின்றனர். அடிமரம் மெலிந்தால் கொடி எதைப் பற்றும்?

நம் குடும்பங்களைப் பற்றிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வர்ண பரிசயம் இன்றும் இத்தெருவில் மலிவு விலைக்குக் கிடைக்கிறது. நம் குழந்தைகளுள் பலர் வங்காளி எழுத்தை அதிலேயே கற்றனர். தமிழ் அரிச்சுவடியை நான் தேடியவரை இத்தெருவில் கண்டதில்லை. விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் வாங்கி வந்தால் உண்டு. ஒரு மொழியின் புத்தகக் கடை அரிச்சுவடியில் நிற்கிறது என்றால், நம் கடை இந்நகரில் எதன்மேல் நிற்கிறது? சங்கங்கள் விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கேனும் இதற்குச் செலவிடலாகாதா என்று உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மலர் அச்சிடும் செலவையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரியோர்க்கான தமிழ் நூல்களுக்கு இந்நகரில் குறைவில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். சுதந்திர இந்தியாவில் அதன் முதல் நூலகராக விளங்கியவர் மயிலாப்பூரிற் பிறந்த பி. எஸ். கேசவன். அதனினும் பெரிது, 1956-இல் மறைந்த பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன என்பது. தமிழ்ப் பதிப்புலகின் பெருந்தகை ஒருவரின் புத்தக அலமாரி நம் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே இருக்கிறது. கல்கத்தாவிலேயே வாழ்ந்து, அதீன் பந்த்யோபாத்யாயரின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலைத் தமிழாக்கிய சு. கிருஷ்ணமூர்த்தி போன்றோருக்குக் காலேஜ் ஸ்ட்ரீட்டும் அலிப்பூரும் இரு கைகளாக இருந்தன. தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் தமிழுக்குத் தந்த த. நா. குமாரஸ்வாமியை நம் வீட்டுப் பெண்கள் பலர் வங்காளி எழுத்தாளர் என்றே எண்ணியிருந்தனர்.

புதிதாக இந்நகருக்கு வந்த அன்பர்கள் மெட்ரோவில் மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் தெருமுனையை அடையலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை பிற்பகலே வசதி. குடையும் ஒரு துணிப்பையும் கொண்டு செல்க.